சூடக்கரி

ஜெப்சி கண்ணை மூடிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் என்னுடைய நாற்பது குண்டுகளையும் சுட்டு முடித்துவிட்டு, அவளுக்காகப் பிஸ்டலின் பின் சைட்டைத் திருப்பிக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் மூன்று கிளிக், கீழே ஒன்று. மூன்று வருடமாக வாரத்துக்கு நாலு நாள் செய்த வேலை, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்கு மட்டும் விரலெல்லாம் வேர்த்துக் கிடந்தது. வேர்க்காமல் என்ன செய்யும்? நான் எடுத்தது நானூறுக்கு முந்நூற்று ஐம்பத்தெட்டு. ஜெப்சி காய்ச்சலோடு வந்து சுட்டால்கூட முந்நூற்று எழுபதுக்குக் குறைய மாட்டாள். இருந்தது ஒரே ஒரு வேலை.

மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு இடம். அதற்குக் கடைசியில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால், தேர்வை எங்கள் கொட்டகையிலேயே வைத்துக்கொண்டார்கள். இரண்டு அதிகாரிகள் வந்து விசிறிக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கொட்டகை என்றால் கொட்டகையேதான். ராமநாதபுரத்துக்கு வெளியே, கருவேலங்காட்டை ஒட்டி, மேலே தகரம், கிழக்குப் பக்கம் இடுப்பளவுக்குத்தான் சுவர். பத்து மீட்டர் தள்ளிப் பலகையில் கறுப்பு வட்டம் போட்ட குறி அட்டை. சுடுவதற்குக் கிளப்பிடம் உருப்படியாக இருந்தது ஒரே ஏர் பிஸ்டல். அதை நானும் ஜெப்சியும் பங்கு போட்டுக்கொண்டோம்.

பிஸ்டலைப் பங்கு போடலாம். சைட்டைப் பங்கு போட முடியாது. பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு தகடு. பள்ளத்தின் நடுவில் தகடு நிற்க வேண்டும், இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், தகட்டின் தலைக்கு மேலே கறுப்பு வட்டம் உட்கார வேண்டும். வட்டம் மங்கலாகத் தெரிந்தால் போதும், தகடுதான் தெளிவாகத் தெரிய வேண்டும். புதிதாக வருகிறவர்கள் வட்டத்தையே முறைத்துப் பார்த்துக் கெட்டுப்போவார்கள். இதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். ஜெப்சிக்கு அகலப் பள்ளம் பிடிக்கும், எனக்குக் குறுகல்தான் வேண்டும். தகர டப்பாவில் மூன்று தகடுகள் இருந்தன. ஒல்லியானது அவளுக்கு மங்கியது, தடிமனானது எனக்கு வட்டத்தையே மறைத்தது. ஒரு வாரம் மல்லுக்கட்டிவிட்டு நடுத்தரத் தகட்டைப் போட்டுக்கொண்டோம். “ரெண்டு பேருக்கும் பிடிக்கல, ரெண்டு பேருக்கும் ஒத்துப்போவுது. இதுதான் புள்ள கல்யாணம்ங்கிறது” என்பார் கொட்டகையைப் பார்த்துக்கொண்ட சதக் அண்ணன். கிளிக்குகளுக்கு நகப்பாலிஷில் அடையாளம் வைத்திருந்தோம். சிவப்பு அவளுக்கு, நீலம் எனக்கு.

அப்புறம் கரி. எங்கள் பக்கத்து வெயில் தகட்டில் பட்டால் பளபளவென்று மின்னி ஓரமே தெரியாது. அதனால் சூடத்தைக் கொளுத்தி, அந்தப் புகையில் தகட்டைக் காட்டி, கறுப்பாக்கிக்கொள்வோம். முதலில் ஜெப்சி பாம்பனிலிருந்து, அவர்கள் கோயில் மெழுகுவர்த்தியைத்தான் கொண்டுவந்தாள். அது பிசுபிசுவென்று ஒட்டி, தூசியெல்லாம் அப்பிக்கொண்டது. நான் கமுதியிலிருந்து வரும்போது வாங்கிவந்த சூடத்தை ஏற்றிக் காட்டியதும் சிரித்துவிட்டாள். “ஏடி ராக்கு, எங்க மாதாவ விட ஒங்க மாரியாத்தாதாண்டி சுத்தமான கறுப்பு குடுக்குறா. அம்மாகிட்ட சொல்லிராத, கொன்னே போட்டுரும்.” சூடக்கரி அவ்வளவு மெல்லியது. பூனைமுடி பட்டாலும் அழிந்துவிடும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சுட்டு முடித்தவள் சைட்டை மற்றவளுக்குத் திருப்பி, புதிதாகக் கரி பிடித்துக் கையில் கொடுக்க வேண்டும். வாங்கப்போகிறவள் அதுவரை கண்ணை மூடி உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலைப் பார்த்த கண்ணுக்குப் பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் தகடு கூர்மையாகத் தெரியும் என்பது ஜெப்சியின் கண்டுபிடிப்பு. கண்ணைத் திறந்ததும் நேராக அட்டையைத்தான் பார்க்க வேண்டும், கையில் வந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கூடாது. ஒருத்தியை ஒருத்தி நம்பித்தான் இந்த ஏற்பாடே.

அன்றைக்குச் சைட்டைத் திருப்பி முடித்துப் பிஸ்டலைத் தூக்கியபோது என் கட்டைவிரல் முன் தகட்டின் வலப்பக்கத்தில் வழுக்கியது. பார்த்தேன். கரி என் விரல் ரேகையில் ஒட்டி வந்து, இரும்பு வெள்ளையாகத் தெரிந்தது. இடப்பக்கம் மட்டும் கறுப்பு. சூடம் என் பையில் இருந்தது. தீப்பெட்டியும் இருந்தது. ஒரு நிமிட வேலை.

அப்போது நல்ல மேகம். மேகத்தில் ஒன்றும் மின்னாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேகத்தை நம்பித்தான் அப்படியே விட்டேன் என்று பிற்பாடு எத்தனையோ நாள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். பச்சைப் பொய். ராமநாதபுரத்து மேகத்தை எந்த முட்டாள் நம்புவாள்? உண்மை இதுதான். தைக்குள் வேலை கிடைக்காவிட்டால் மாமன் மகன் காளீஸ்வரனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும் என்று அய்யா கறாராகச் சொல்லியிருந்தார். மிளகாய்க் காட்டில் குனிந்தே என் ஆயுசு போய்விடும் என்று நான் மிரண்டுபோயிருந்தேன். ஆனால் ஒன்று, எனக்கு இன்னும் இரண்டு வருடம் வயது வரம்பு இருந்தது. ஜெப்சிக்கு அந்த மாதத்தோடு முடிகிறது. அதுவும் எனக்குத் தெரியும்.

“ஆச்சாடி?” என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“ஆச்சு” என்று கையில் கொடுத்தேன்.

முதலில் சுட்டுப் பார்த்துக்கொள்ளக் கொடுத்த ஐந்து குண்டுகளும் மேகத்திலேயே போயின. எல்லாம் பத்தும் ஒன்பதும். அதிகாரிகளில் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கணக்குக்கு உரிய குண்டுகள் தொடங்கி ஆறாவதிலோ ஏழாவதிலோ வெயில் வந்தது. கிழக்குச் சுவரைத் தாண்டி நேராக அவள் நீட்டிய கையின் மேல் விழுந்தது. நான் பின்னால் உட்கார்ந்து தொலைநோக்கியில் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டு, வலப்பக்கம். ஏழு, வலப்பக்கம். மறுபடி ஏழு. எனக்குப் புரிந்துவிட்டது. மின்னுகிற பக்கம் தகடு வெளிச்சத்தோடு கரைந்துபோகும். மிச்சம் தெரிகிற கறுப்பை அவள் பள்ளத்தின் நடுவில் வைக்கிறாள். குண்டு வலப்பக்கம் போகாமல் எங்கே போகும்?

அவள் சைட்டை இடப்பக்கம் இரண்டு கிளிக் திருப்பினாள். மேகம் வந்தது. குண்டு இடப்பக்கம் போனது. திரும்ப வலப்பக்கம் திருப்பினாள். வெயில் வந்தது. ஒரு குண்டுக்காகச் சைட்டின் திருகைத் தொடாதே, ஐந்து போகட்டும், அப்புறம் யோசி என்று எனக்குச் சொல்லித் தந்தவளே அவள்தான். அவளே ஒவ்வொரு குண்டுக்கும் திருகைத் திருப்பிக்கொண்டு மேகத்தின் பின்னால் ஓடினாள். எட்டு, ஏழு, ஒன்பது, ஆறு. கழுத்தில் வேர்வை ஓடியது. ‘கரி’ என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருந்தால் போதும். வாய் வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய். வாய் நன்றாகத்தான் இருந்தது. சதக் அண்ணன் என் காதருகில் குனிந்து, “என்ன புள்ள ஆச்சு அந்தப் புள்ளைக்கு? அல்லாவே, இப்படி அடிக்கிற ஆளில்லையே அது” என்று கேட்டபோது, “தெரியலண்ணே” என்று தெளிவாகச் சொன்னேனே.

முந்நூற்று நாற்பத்தொன்பது. அதிகாரிகள் என் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். ஜெப்சி ஓரமாகப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, துணியால் பிஸ்டலைத் துடைத்தாள். வெகுநேரம் துடைத்தாள். அழுகிறாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போகவில்லை. எழுந்து வந்தபோது கண் ஈரமாகக்கூட இல்லை. என்னைக் கட்டிப்பிடித்தாள்.

“கை நடுங்கிருச்சுடி ராக்கு” என்றாள். “ஒனக்குக் கெடச்சது எனக்குச் சந்தோசந்தான்.”

திருச்சியில் வேலை. முதல் மாதம் இரண்டு முறை ஜெப்சி போனில் கூப்பிட்டாள், நான் எடுக்கவில்லை. பிறகு அவளும் கூப்பிடவில்லை. அவள் கொட்டகைப் பக்கமே வருவதில்லை என்று சதக் அண்ணன் சொன்னார். “கேட்டா நரம்புத் தளர்ச்சி, கை நடுங்குதுங்குது. அந்த வயசுல என்னம்மா தளர்ச்சி? நீ ஒரு வார்த்த பேசேன்.” பேசுகிறேன் என்றேன். அலுவலகத்தில் தேநீர் குடிக்கும்போது என் கையைத்தான் பார்த்துக்கொள்வேன். அது நடுங்கவே இல்லை. பாவி, நன்றாகத் தின்றேன், நன்றாகத் தூங்கினேன்.

மூன்று வருடம் கழித்து எனக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை யார் என்றால் அதே காளீஸ்வரன். அரசாங்க உத்தியோகத்தில் இருக்கிற பெண் என்றதும் மாமா வீட்டார் தாம்பாளத்தோடு இரண்டாம் தடவையும் வந்து நின்றார்கள். வேலை கிடைத்ததால் தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த வேலைதான் அவர்களை என் வாசலுக்கு இழுத்து வந்தது. எனக்கு இது வேண்டியதுதான்.

பரமக்குடியில் மண்டபம். காலை ஆறு மணிக்கு, அத்தை மகள் கவிப்ரியா மணப்பெண் அறைக்கதவைத் திறந்து, “அண்ணி, மேக்கப் போட ஆள் வந்தாச்சு. பாம்பன்ல இருந்து வந்திருக்காக, கண்ணு வரஞ்சா அச்சடிச்ச மாதிரி இருக்கும்” என்றாள். பின்னால் பெரிய கறுப்புப் பெட்டியோடு ஜெப்சி நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடவில்லை. பத்திரிகையில் பெயரைப் பார்த்துத் தெரிந்துதான் வந்திருக்கிறாள்.

“நல்லாருக்கியாடி?” என்றாள். “உக்காரு, நேரமாச்சு.” கவிப்ரியாவைப் பூ வாங்கிவர அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

அரைமணி நேரம் முகத்துக்கும் முடிக்கும் ஏதேதோ செய்தாள். கடைசியில் என் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, மை புட்டியைத் திறந்தாள்.

“கண்ண மூடு.”

மூடினேன். சுண்டுவிரலை என் கன்னத்தில் ஊன்றிக்கொண்டாள். இமையோரத்தில் தூரிகையின் ஈரம் பட்டது. மூக்கோரத்திலிருந்து மெதுவாக, ஒரே இழுப்பாக நகர்ந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒன்றரை நிமிடம் நீட்டிப் பிடித்தாலும் அசையாத கை. தாங்க முடியாமல் நானே வாயைக் கொடுத்தேன்.

“நரம்புத் தளர்ச்சின்னு சொன்னாக.”

“கேக்குறவுகளுக்கு எதையாச்சும் சொல்லணும்ல” என்றாள். தூரிகை நிற்கவில்லை. “அன்னைக்கித் தொடைக்கிறப்பயே பாத்துட்டேன்டி. தகட்டுல ஒரு பக்கம் கரி இல்ல. வாங்குனதும் ஒருவாட்டி நான் பாத்திருக்கணும். பாக்காதது என் தப்பு. அத நெனச்சு நெனச்சே அந்தப் பக்கம் போகப் பிடிக்கல.”

வெளியே நாதஸ்வரக்காரர் ஒற்றை ஸ்வரத்தை ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ பந்தி இலை எங்கே என்று கத்தினார்கள்.

“ஒன்னே ஒன்னுதான் கேக்கணும்னு வந்தேன்” என்றாள் ஜெப்சி. தூரிகை இமையின் கடைசிக்கு வந்திருந்தது. “குடுக்குறப்ப நீ பாத்தியா?”

அவள் மூச்சு என் முகத்தில் பட்டது. பார்த்தேன் என்று சொன்னால் என்ன ஆகிவிடும்? வேலையைப் பிடுங்கிக்கொள்ளப் போவதில்லை. கல்யாணம் நிற்கப் போவதில்லை. அவளுக்குத் திரும்ப வயது குறையப் போவதும் இல்லை. அவள் மூன்று வருடமாகத் தன் தலையில் தூக்கிச் சுமக்கிற தப்பை இறக்கிவைத்திருப்பாள், அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை அன்றைக்கும் தரவில்லை நான்.

“பாக்கல” என்றேன்.

தூரிகை வழுக்கியது. இமையைத் தாண்டி, நெற்றிப்பொட்டுப் பக்கம் ஒரு கோடு சில்லென்று இழுபட்டது. கன்னத்தில் ஊன்றியிருந்த சுண்டுவிரல் லேசாக அதிர்வது தெரிந்தது.

“கை நடுங்கிருச்சு” என்றாள்.

கட்டைவிரலால் அழுத்தி அந்தக் கோட்டைத் துடைத்தாள். நான் கண்ணைத் திறந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரேகை முழுக்க மை. பிறகு அதைப் பஞ்சில் துடைத்து, பஞ்சைப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டு, தூரிகையை மறுபடி மையில் தோய்த்தாள்.

“அந்தக் கண்ண மூடு” என்றாள்.

மூடிக்கொண்டேன்.