எதிர்ப்பக்கம் சுழன்ற கிண்ணங்கள்

"முத்திரை யாரோடதோ, அவங்கதான் இதைச் செஞ்சாங்கன்னு எப்படித் தெரியும், மிஸ்?"

பள்ளிக்கூடத்தோடு அருங்காட்சியகம் பார்க்க வந்த சிறுமி ஒருத்தி ஒருமுறை இப்படிக் கேட்டாள். அங்கே காப்பாளராக இருக்கும் கெரென்சா ஹோஸ்கிங் சிரித்து மழுப்பிவிட்டாள். கார்ன்வால் குயவர்களின் முத்திரைகளை இருபது வருஷமாகப் படித்தவள் அவள். கிண்ணத்தைக் கவிழ்த்து, அடிவிளிம்பில் நகத்தளவில் குத்தியிருக்கும் அடையாளத்தைப் பார்த்தால் போதும், செய்தவர் பேரைச் சொல்லிவிடுவாள்.

அந்தக் கேள்விதான் இப்போது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

மேசைமேல் ஒன்பது கிண்ணங்கள். ஒன்பதிலும் கோதுமைக் கதிர் முத்திரை. அதாவது, திர்ஸா பொலித்தோ செய்தவை. திர்ஸா இறந்து இரண்டு வருஷமாகிறது. திங்கட்கிழமை அவள் பேரில் கண்காட்சி. மகள்தான் எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக அனுப்பியிருந்தாள். ஆனால் இந்த ஒன்பதின் உட்புறத்திலும் விரல் தடம் எதிர்ப்பக்கமாகச் சுழன்று ஏறியது. வலது கைக்காரியான திர்ஸா சக்கரத்தை அப்படிச் சுற்ற மாட்டாள். தன் கண்தான் ஏமாற்றுகிறதோ என்று தேநீரை வலக்கையால் ஒருமுறை, இடக்கையால் ஒருமுறை கலக்கிப் பார்த்தாள். தலை சுற்றியதுதான் மிச்சம். யாராவது செய்த போலியா? இல்லை, பிறர் செய்ததைத் திர்ஸாவே தன் பேரில் விற்றாளா? அப்படி எழுதினால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? எழுதாமல் மறைத்தால் கடவுள் முகத்தில்?

திர்ஸாவின் பட்டறையில் இடது கைக்காரர் ஒருவர்தான் இருந்தார்: ஜேபஸ் நான்ஸ். இப்போது எண்பத்திரண்டு வயது. இருவருக்கும் ஏழாம் பொருத்தம் என்பது ஊரறிந்த விஷயம். கெரென்சா ஒரு கிண்ணத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினாள்.

"வாம்மா, முத்திரைப் போலீஸு! இன்னைக்கு யாரைப் பிடிச்சு உள்ள போடப் போறே?"

"உங்களைத்தான், மிஸ்டர் நான்ஸ். இது யார் செஞ்சது?"

அவர் வாங்கிக் கவிழ்த்தார். "கண்ணு தெரியலையா? கதிர் போட்டிருக்கு. திர்ஸா."

"தடம் உங்க பக்கமாச் சுத்துதே?"

"அன்னிக்குச் சக்கரத்துக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கும். குங்குமப்பூ பன் இருக்கு, சாப்பிடு."

"பன்னைக் காட்டி ஏமாத்தாதீங்க. போலின்னு எழுதினா அவங்க பேரு நாறிப்போயிடும்."

கிழவரின் கை பன் தட்டருகே நின்றுவிட்டது.

"போலியா? எவன் சொன்னான்? அறுபத்திரண்டாம் வருஷம் காசநோய்னு அவளை ஆஸ்பத்திரில போட்டாங்க. சூளையில அவ பாத்திரம் அடுக்கற தட்டு காலியாக் கிடந்தா முதலாளி வேற ஆளை வெச்சிருவாரு. தட்டு நிறைஞ்சா யாரு என்னன்னு கேக்க மாட்டாரு. அவ முத்திரை சக்கரத்துப் பக்கத்துலயே கிடந்துச்சு. எடுத்துக் குத்தினேன். அவ்வளவுதான்."

"அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன? திரும்பி வந்து பாத்தா. ஒரு வார்த்தை சொல்லணுமே! மறுநாளே மண்ணுக்குச் சண்டை. எழுபதாம் வருஷக் குளிர்ல நான் கண் ஆபரேஷன் பண்ணி மூணு மாசம் கட்டோட கிடந்தேன். எட்டிக்கூடப் பாக்கலை, மகராசி. முதலாளிதான் புண்ணியவான், என் இடத்தை அப்படியே வெச்சிருந்தாரு." மூக்கை உறிஞ்சினார். "அவ யாரையும் ஏமாத்தலைன்னு எழுது. என் பேரை மட்டும் விட்டுரு."

கெரென்சா திரும்பி வந்து குறிப்பு எழுதினாள்: 'திர்ஸா நோயுற்றிருந்தபோது, அவள் இடத்தைக் காக்க உடன் வேலை செய்தவர் ஒருவர் செய்து கொடுத்தவை.' அச்சுக்கு அனுப்புமுன் எதற்கும் ஒத்துப் பார்த்துவிடலாம் என்று ஜேபஸின் குவளைகளை அலமாரியிலிருந்து இறக்கினாள். எல்லாவற்றிலும் வட்டத்துக்குள் புள்ளி வைத்த அவர் முத்திரை.

முதல் குவளையில் தடம் எதிர்ப்பக்கம். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது வழக்கமான பக்கம். நான்காவதும், ஐந்தாவதும், ஆறாவதும்.

மறுபடி குழம்பிப்போனாள். கிழவர் பொய் சொன்னாரா? தரையிலேயே உட்கார்ந்து, அந்த நான்கின் குறிப்பு அட்டைகளைப் புரட்டினாள். நான்கிலும் ஒரே வரி: 'குளிர்காலம், 1970.'

அந்தக் குளிர்காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரே ஜெபக்கூடத்தில் பாடிக்கொண்டிருக்கையில், ஆளில்லாத பட்டறையில் ஒரு சக்கரம் மட்டும் சுற்றியிருக்கும். தட்டு நிறைந்ததும் திர்ஸா கையைக் கழுவி, வட்டமும் புள்ளியுமான அந்த முத்திரையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.