ஒரு தட்டு தட்டினால் நிற்கணும்

முழங்கால் இரண்டும் வலித்தன. இடது முழங்கால் ஷார்ஜாவில் சாரம் கட்டி ஏறி இறங்கிய வலி. வலது முழங்கால் விமானத்தில் நாலு மணி நேரம் மடக்கிக்கொண்டு உட்கார்ந்த வலி. இரண்டையும் நீட்ட இடமில்லை. முன்சீட்டில் என் காலடியில் மகனின் தண்ணீர் பாட்டில், மகளின் செருப்பு, பிரித்துவைத்த பிஸ்கட் பாக்கெட். திருச்சி ஏர்போர்ட்டில் எட்டு மணிக்கு ஏறியது. விழுப்புரம் பைபாஸைத் தொடும்போது பதினொன்றரை.

"லெஃப்ட்டு கிளியர், சவுரி மாமா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் ஃபஸீஹா.

"ரைட்டு கிளீனரே" என்றார் டிரைவர் சவுரிராயன், கியரை மாற்றிக்கொண்டே.

ஃபஸீஹா என் மகள். எட்டு வயது. இரண்டு வருஷம் நாலு மாதம் கழித்து அத்தாவைப் பார்த்தவள், ஏர்போர்ட் வாசலில் சலாம் சொல்லிக் கன்னத்தைக் காட்டினாள். அவ்வளவுதான். உடனே ஓடிப்போய் வண்டியின் இடதுபக்கக் கதவைப் பிடித்துக்கொண்டாள், அந்த இடத்தை நான் பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. நாலு வயது அயான் சலாமும் சொல்லவில்லை. சவுரிராயனின் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தான்.

என் மனைவி மஹபூப் பீவி சிரித்தாள். "விடியறதுக்கு முன்னாடியே கெளம்பிட்டோங்க. வழியெல்லாம் அவருதான் இதுங்கள பாத்துக்கினு வந்தாரு. எனக்கு ஒரு பேஜாரும் இல்ல."

எனக்குப் பேஜாராக இருந்தது.

சவுரிராயனுக்கு ஐம்பது வயதிருக்கும். லாரி ஓட்டி இடுப்பு போய், வாடகைக் காருக்கு வந்தவர். பிள்ளைகளைச் சமாளிக்க அவரிடம் பொம்மையோ போனோ கிடையாது. வேலை கொடுத்தார். ஃபஸீஹா கிளீனர், இடதுபக்கம் அவள் பொறுப்பு. கதவில் இரண்டு தட்டு தட்டினால் வண்டி போகும். ஒரு தட்டு தட்டினால் நிற்கும். நிஜமாகவே நிறுத்தினார். அதில்தான் பிள்ளை விழுந்துவிட்டாள். அயானுக்குக் கரும்பு டிராக்டர் எண்ணும் வேலை. ஐந்து டிராக்டருக்கு ஒரு ஹாரன் சம்பளம். வண்டி நிற்கும் இடத்தில் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து அடிக்கலாம். முண்டியம்பாக்கம் சர்க்கரை ஆலை நெருங்க நெருங்க டிராக்டர் வரிசைகட்டி வந்தது. "கரும்பேய்!" என்று பையன் தொண்டை கிழியக் கத்தினான்.

"முதலாளி, என்னைய கடனாளி ஆக்கிடாத. எத்தினி ஹாரன்டா குடுப்பேன்?" என்றார் அவர். பின்சீட்டே குலுங்கிச் சிரித்தது.

என் கையில் ஒன்றும் இல்லை. இருந்தது, ஆனால் எல்லாம் வண்டி மேல் கேரியரிலும் பின்னாலும் கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகளுக்குள் இருந்தது. சபுராளி, வெளிநாட்டில் சம்பாதிக்கப் போனவன், கொண்டுவரும் பெட்டியை வழியில் பிரிப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லை. வீட்டுக் கூடத்தில் வைத்து, சொந்தம் மொத்தமும் சுற்றி உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுக்க வேண்டும். முன்னாலேயே பிரித்தால், நல்லதை எடுத்துப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டான் என்று பேச்சு வரும். மகளுக்கு விளக்கு எரியும் வாட்ச், மகனுக்கு பேட்டரி ஜேசிபி, நாலு கிலோ மிட்டாய். அத்தனையும் என் தலைக்கு மேலேயே வந்துகொண்டிருந்தன. நான் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தேன்.

கதை சொல்லிப் பார்த்தேன். "அத்தா வேலை செஞ்ச பில்டிங்கு நாப்பது மாடி. மேல ஏறினா கீழ போற லாரி தீப்பெட்டி மாதிரி இருக்கும், தெரியுமா?"

"ம்" என்றாள் ஃபஸீஹா. "பயமா இருக்குமா அத்தா உங்களுக்கு?"

சொல்ல வாயெடுத்தேன். "கிளீனர், லெஃப்ட்டுல பஸ்சு!" என்றார் சவுரிராயன். அவள் தலை ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது. அவரை 'நீ' என்று கூப்பிடுகிறாள். என்னை 'நீங்க' என்கிறாள்.

போனை எடுத்தேன். அயானுக்காக ரூமில் உட்கார்ந்து இறக்கிவைத்த கார்ட்டூன் பதினேழு இருந்தது. "இங்க பாருடா, புலி" என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டான். மூன்று நிமிஷம் டிராக்டரை மறந்தான். அந்த மூன்று நிமிஷம் எனக்கு முழங்கால் வலிக்கவில்லை. நாலாவது நிமிஷம் போன்மேலேயே வாந்தி எடுத்தான்.

"குனிஞ்சி பாத்துக்கினே வந்தா புள்ளைங்களுக்கு ஒத்துக்காது பாய்" என்று வண்டியை ஓரங்கட்டினார் சவுரிராயன். என் மகன் வாயைக் கழுவி, தன் துண்டாலேயே துடைத்துவிட்டார். பையன் அவர் தோளில் சாய்ந்துகொண்டான். நான் போனைத் துடைத்தேன்.

மறுபடி கிளம்பியதும் ஃபஸீஹா சொன்னாள்: "மாமா, நான் பெரிசானதும் லாரிக்கு கிளீனரா போவேன்."

"அதெல்லாம் ஒரு வேலையா? வாய மூடு" என்றேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது.

அந்த வேலை எனக்குத் தெரியும். பதிமூன்று வயதிலிருந்து பதினெட்டு வரைக்கும் இதே சாலையில் ஜல்லி லாரியில் கிளீனராக இருந்தவன் நான். லாரிக்கு அடியில் படுப்பேன். தட்டு ஒரு நொடி பிந்தினால் டிரைவர் இறங்கிவந்து மிதிப்பான். கல்யாணம் பேசும்போது எங்கள் ஆட்கள் மஹபூப் வீட்டில் 'டிரான்ஸ்போர்ட்டுல இருந்தாரு' என்றுதான் சொன்னார்கள். அவளும் அதற்குமேல் கேட்டதில்லை. நான் உதை வாங்கிக் கற்றுக்கொண்ட வேலையை ஒருத்தன் விளையாட்டாக்கி, அதை வைத்தே என் பிள்ளைகளை எடுத்துக்கொண்டான். அது என் கைச்சரக்கு. ஆனால் என்னுடையது என்று சொல்ல எனக்கு வாயில்லை.

விக்கிரவாண்டியில் டீக்கு நிறுத்தினார். ஓட்டல் வாசலில் வெந்த மல்லாட்டை, வேர்க்கடலைதான், விற்றுக்கொண்டிருந்த அம்மாளிடம் போட்டி போட்டுக்கொண்டு ஐந்து பொட்டலம் வாங்கினேன். போட்டி என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அயான் பொட்டலத்தை என்னிடம் வாங்கினான். நேரே சவுரிராயனிடம் கொண்டுபோய் உரித்துத் தரச் சொன்னான். உரித்த முதல் பருப்பை அவர் வாயில் போட்டான்.

"அத்தாவுக்குக் குடு தம்பி" என்றார் அவர். அவர் சொன்னதற்காகக் கொண்டுவந்து கொடுத்தான். மென்றேன். உப்பே இல்லை.

கிளம்பும்போது பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பின் கண்ணாடி முழுக்கப் பெட்டி மறைத்திருந்தது. வலதுபக்கம் ஒரு சுற்றுலா பஸ் ஒட்டி நின்றதால் சவுரிராயனின் கண் முழுக்க அந்தப் பக்கம். இடதுபக்கம் பின்னால், இடுப்பளவுக்கு ஒரு கல்தூண். "கிளீனர், உன்ன நம்பித்தான் எடுக்கறேன்" என்றார். மஹபூப் மடியில் அயானை வைத்து முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். ஃபஸீஹா ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுப் பின்னால் பார்த்தாள்.

"வா... வா... வா... வா..."

நானும் என் ஜன்னலில் கையை வெளியே தொங்கவிட்டபடி சைடு மிரரில் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முழம் இருந்தது. அவள் கதவில் ஒரு தட்டு தட்டினாள். வண்டி நின்றது. அளவு அவ்வளவு சரி. நாலு வருஷம் லாரியில் இருந்தவன்கூட அப்படி நிறுத்தமாட்டான்.

அது சரியாக இருந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தச் சின்னக் கைக்கு அந்த ஆள் நின்றது பொறுக்கவில்லை. என் கை தன்னால் எழுந்து கதவில் இரண்டு தட்டு தட்டியது. இன்னும் ஒரு சாண் போகலாம் என்று கணக்குப் போட்டதாகப் பிறகு எனக்கே சொல்லிப் பார்த்தேன். அப்படி ஒரு கணக்கும் போடவில்லை.

"ரைட்டு" என்று கிளட்ச்சை விட்டார் சவுரிராயன். பின் விளக்கு நொறுங்கியது.

இறங்கிப் பார்த்தார். சிவப்புக் கண்ணாடித் துண்டுகளைக் காலால் ஓரம் தள்ளினார். "ரெண்டு தட்டு கேட்டுதே பாப்பா?"

"நான் ஒண்ணுதான் தட்டுனேன் மாமா." பிள்ளை கையை விரித்துக் காட்டினாள். "அல்லா சத்தியமா ஒண்ணுதான். அப்புறம் வேற யாரோ தட்டுனாங்க."

"வேற யாருடி தட்டுவா, ஜின்னு வந்து தட்டுச்சா?" என்றாள் மஹபூப். "ஊரான் வண்டிய ஒடச்சிட்டு சத்தியம் வேற. பொய் பேசினா பல்ல தட்டிடுவேன்."

ஃபஸீஹா என் பக்கம் திரும்பினாள். காலையிலிருந்து அவள் என்னை முழுசாகப் பார்த்தது அப்போதுதான். "அத்தா, நீங்கதான முன்னாடி இருந்தீங்க. ஒண்ணுதான அத்தா? சொல்லுங்க."

நான் சொன்னேன்: "ரெண்டு தட்டு கேட்டுச்சு."

கேட்டது உண்மை. அதனால் பொய் சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அவள் என்னை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். உள்ளே நகர்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டாள்.

"என் தப்புதான் விடு பாப்பா. திரும்பிப் பாத்து எடுத்திருக்கணும்" என்றார் சவுரிராயன். டோல்கேட் போனது. ஒரு கரும்பு டிராக்டர் போனது. "கரும்பேய்" என்று அயான் கத்திவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். "லெஃப்ட்டு எப்பிடி இருக்கு கிளீனர்?" என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தார். பதில் வரவில்லை. திண்டிவனம் வரைக்கும் வண்டி, நான் விரும்பினதுபோல, அமைதியாக வந்தது.

எங்கள் தெரு குறுகல். பெட்டிகளை இறக்கிவிட்டு வண்டி பின்பக்கமாகவே போக வேண்டும். விளக்குக்கு என்ன ஆகுமோ அதையும் சேர்த்து அவர் கையில் கொடுத்தேன்; எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்தார். வீட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டார்: "பாப்பா, வா. கடைசியா ஒரு தட்டு."

"நான் வரல மாமா" என்றாள் ஃபஸீஹா. "எனக்கு எண்ணத் தெரியல."

நான்தான் போய் நின்றேன். பழக்கம் விடவில்லை, வண்டியின் பின்பக்கத்தில் உள்ளங்கையைக் குவித்துத் தட்டிக்கொண்டே தெருமுனை வரைக்கும் நடந்தேன். முனையில் ஒரு தட்டு. நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"லாரில இருந்தீங்களா பாய்?"

தட்டின கையைச் சட்டையில் துடைத்தேன்.

"அங்கயே தெரிஞ்சிது. புள்ள கை பொத்துனு விழும். அந்த ரெண்டும் ஆம்பள கை." கியரைப் போட்டார். "உங்க வீட்டு சமாச்சாரம், நான் பேசக்கூடாதுன்னு வந்துட்டேன். நீங்க சொல்லிடுங்க பாய். ஜல்தியா சொல்லிடுங்க. நாளாச்சினா புள்ள அதையே நெசம்னு நெனச்சிக்கும்."

உள்ளே கயிற்றை அறுத்தோம். சொந்தக்காரர்கள் நிறைய. ஃபஸீஹாவின் கையில் வாட்சைக் கட்டினேன். விளக்கு எரிந்தது. "நல்லாருக்கு அத்தா, தேங்க்ஸ்" என்றாள், வாத்தியாரிடம் சொல்வதுபோல. அயான் ஜேசிபியை வைத்துக்கொண்டு என் மடியில் உட்கார்ந்தான். அதற்கு ஆசைப்பட்டுத்தான் அவ்வளவும் செய்தேன். பையன் கனமாக இருந்தான், முழங்கால் வலித்தது.

லீவு நாற்பது நாள். அதில் முப்பத்தொன்று போய்விட்டது. நேற்று என் தம்பி பைக்கைச் சந்தில் பின்னால் எடுக்கும்போது, "ஃபஸீஹா, பாத்து சொல்லு" என்றான். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் கூடத்தில் இருந்தேன். வாய்வரைக்கும் வந்தது.

விளக்குக்குக் கொடுத்தாகிவிட்டது. வண்டிக்காரருக்குப் பாக்கி கிடையாது. என் மகளுக்குத்தான் பாக்கி: நீ தட்டினது ஒண்ணுதான், ரெண்டு தட்டினது நான்.