பின்சந்துக் கதவு

துளைபோடும் இயந்திரத்தின் அலறலில் மேவிஸின் கையிலிருந்த தேநீர் தளும்பிச் சட்டையில் கொட்டியது. வியாழக்கிழமை காலை பத்து மணி. சமையலறைக் கதவைத் திறந்து பார்த்தாள். பக்கத்து வீட்டுக் கெல்வின் முழங்காலிட்டு, அவளுடைய பின்முற்றத்துச் செங்கல் தரையைத் துளைத்துக்கொண்டிருந்தான். இரண்டு இரும்புக் கம்பங்கள் ஏற்கெனவே அவள் வாசலுக்கு எதிரே எழும்பி நின்றன.

வேலி போடுகிறானாம். முற்றத்துக் கோடியில் பின்சந்துக்குத் திறக்கும் கதவுக்குப் புதுப் பூட்டும் போட்டாயிற்றாம். சாவி எங்கே என்று அவள் கேட்டதற்கு, "உங்க முழங்கால் வலியை வச்சுக்கிட்டு நீங்க எங்க மேவிஸ் இந்தப் பக்கம் வரப்போறீங்க?" என்று சிரித்தான்.

ரிச்மண்டில் அந்த வரிசை வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. முன்வாசலில் ஆறு கருங்கல் படிகள். படியில்லாத வழி பின்சந்துக் கதவு ஒன்றுதான். செவ்வாய்க்கிழமை அவள் கணவன் லியோ சக்கர நாற்காலியில் வருகிறான். பக்கவாதம் வந்து ஏழு வாரமாகிறது. மருத்துவமனையிலிருந்து வீட்டைச் சோதிக்க வந்த பெண் அந்தக் கதவைப் பார்த்த பிறகுதான் அவனை வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்தாள். அது இல்லையென்றால் பராமரிப்பு இல்லம்தான். அங்கே போனவர்கள் இந்தத் தெருவுக்குத் திரும்பி வந்து மேவிஸ் பார்த்ததில்லை.

ஒரு புயலில் இரு வீட்டுக்கும் நடுவிலிருந்த வேலி சாய்ந்த வருஷம் தொடங்கியது இது. முதலில் கெல்வினின் பலகைகள் அவள் முற்றத்துக்கு வந்தன. பிறகு ஒரு கொட்டகை, பிறகு ஒரு பழைய படகு. அவளுக்கு முழங்கால் வலி, லியோவுக்குச் சோம்பல்; இருவரும் பின்பக்கத்தைக் கண்டுகொள்ளவில்லை. கெல்வின் நல்லவன் என்று தெருவே சொன்னது. வாராவாரம் அவர்கள் குப்பைத் தொட்டியையும் அவனே இழுத்து வைத்தான். முற்றத்து எலுமிச்சையைப் பறித்து ஜாம் காய்ச்சி பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்தான். தன் மரத்துப் பழத்துக்கு அவள் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னாள்.

உள்ளே போய் இலவசச் சட்ட உதவி மையத்துக்குப் போன் செய்தாள். எடுத்த பெண், கெல்வின் அந்த இடத்தை எத்தனை வருஷமாக வைத்திருக்கிறான் என்றுதான் முதலில் கேட்டாள். பதினைந்து முடிந்து மூன்று வாரம் என்று மேவிஸ் சொன்னதும் அந்தப் பெண் சட்டத்தை விளக்கினாள்.

"யாரையும் கேட்காம, தன் சொந்த இடம் மாதிரி பதினஞ்சு வருஷம் வச்சிருந்தா அவர் உரிமை கோரலாம்மா. ஆனா உங்ககிட்ட அனுமதி கேட்டு வச்சிருந்தா அது செல்லாது. நீங்களோ உங்க வீட்டுக்காரரோ சரின்னு சொன்னீங்களா?"

அவள் சொல்லவில்லை. ஆனால் புயலுக்கு மறுநாள் லியோவும் கெல்வினும் சாய்ந்த வேலிமேல் உட்கார்ந்து பீர் குடித்தார்கள். கெல்வின் முற்றத்தைக் காட்டி ஏதோ கேட்டான். லியோ தலையாட்டினான். சொற்கள் அவள் காதில் விழவில்லை. லியோவைத்தான் கேட்க வேண்டும். அந்த லியோவுக்கு நேற்றுத்தான், ஏழு வாரத்துக்குப் பிறகு, 'மே' என்று அவள் பெயரில் பாதி வந்திருந்தது.

மீண்டும் வெளியே வந்தபோது மூன்றாவது கம்பமும் நின்றது.

"அன்னிக்கு நீ லியோகிட்ட கேட்டேதானே கெல்வின்?"

இயந்திரம் நின்றது. கெல்வின் எழுந்து, கால்சட்டையில் படிந்த சிவப்புத் தூளை நிதானமாகத் தட்டினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குரல் மட்டும் எப்போதும்போல் கனிவாக இருந்தது.

"அவருக்கு இன்னும் பேச்சு வரலைதானே, மேவிஸ்?"