பின்சக்கரத்துக்குப் பின்னால்

டிப்போவில் எனக்குப் பட்டு என்று பெயர். முப்பத்தோரு வருடம் நகரப் பேருந்து ஓட்டினேன். என் வண்டியில் நின்றுகொண்டு வருகிறவர்கள்கூடக் கம்பியைப் பிடிக்க வேண்டியதில்லை என்று கண்டக்டர்கள் சொல்வார்கள். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னார்கள். ஆனால் தன்னைப் பற்றி நல்லதாக ஒன்றை முப்பத்தோரு வருடம் கேட்டுக்கொண்டே இருப்பவன் அதை நம்பாமல் என்ன செய்வான்? ஓய்வு பெற்ற பிறகாவது அந்த நினைப்பு குறைந்திருக்க வேண்டும். எனக்குக் கூடிவிட்டது. தப்பென்று காட்டுவதற்கு வீட்டில் பேருந்து இல்லையே.

என் மனைவிக்கு இரண்டு வருடம் முன்பு முதுகெலும்பில் ஆபரேஷன் நடந்தது. நடப்பாள், நிற்பாள். கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் மட்டும் இடுப்பில் பிடிக்கிற வலி குதிகால் வரை இறங்கும். எங்கள் ஒரே மகள் இருக்கிற ஊருக்கு ரயில் கிடையாது. மூன்று பஸ் மாறிப் போக வேண்டும். அவளுக்கு இது முதல் பிரசவம். மருமகனுக்குக் கப்பலில் வேலை, அந்த நாட்களில் நடுக்கடலில் இருப்பான். மகளோ பயணமே செய்யக் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார். "அம்மா பக்கத்துல இருந்தா போதும்ப்பா, வேற யாரும் வேண்டாம்," என்று போனில் சொன்னவள், உடனே முடியாவிட்டால் பரவாயில்லை என்றும் சேர்த்துக்கொண்டாள். அந்தப் பரவாயில்லையைக் கேட்டபிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மனைவியைப் படுக்கவைத்தே கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். பழைய சாமான் வேன் ஒன்றை வாங்கி, உள்ளேயே படுக்கை, சாப்பாட்டு மேசை எல்லாம் இருக்கிற மோட்டார்ஹோம் ஆக்க, பாடி கட்டுகிறவரிடம் கொடுத்தேன். வண்டியின் பின்கோடியில் குறுக்காக ஒரு கட்டில், அதற்குப் பெரிய ஜன்னல், கட்டிலுக்கு அடியில் தண்ணீர்த் தொட்டியும் பாட்டரியும் என்று நானே படம் வரைந்திருந்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே பதினோரு அடிதான் இருக்கிறது, இதற்கெல்லாம் இடம் வேண்டுமென்றால் அடிச்சட்டமான சேஸிஸைப் பின்னால் நீட்டி ஒட்ட வேண்டும், பின்சக்கரத்துக்குப் பின்னால் ஏழு அடி தொங்கும், பேசாமல் சக்கரங்கள் தள்ளித் தள்ளி இருக்கிற நீள வண்டியாக வாங்குங்கள் என்றார். நீள வண்டி சந்துக்குள் திரும்பாது என்றேன். திரும்பாதுதான், ஆனால் நேராகப் போகும் என்றார்.

பேருந்தில் பதினோரு அடி தொங்குகிறது, அங்கேயும் மனிதர்கள்தான் உட்கார்ந்து வருகிறார்கள், எனக்கே பாடமா என்று கேட்டேன். பேருந்தில் சக்கரங்களுக்கு நடுவே இருபது அடி இருக்கிறதே என்று அவர் சொன்னார். நான் மெத்தையின் நிறத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டேன். கடைசியில் நான் வரைந்தபடியே கட்டிக்கொடுத்தார். ஒற்றைக்காலில் நிற்கிறவனிடம் யார்தான் எவ்வளவு நேரம் மல்லுக்கட்டுவது?

பிரசவத்துக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தபோது கிளம்பினோம். ஊர் எல்லைவரை ஒரு குறையும் இல்லை. பெரிய சாலையில் ஏறிய பிறகு ஸ்டியரிங் கையில் லேசாக இருந்தது. ஆகா, விரலால் ஓட்டலாம் போலிருக்கிறதே என்று மகிழ்ந்தேன். முன்சக்கரம் தரையில் அரைகுறையாகப் பதிந்து வருகிறது என்பதற்கு அதுதான் அடையாளம் என்று எனக்குத் தோன்றவில்லை. லாரிகள் தாண்டும்போது காற்று வண்டியின் வாலைத் தள்ளியது. தலை வேறு பக்கம் போனது. பிடித்துத் திருப்பினேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த லாரி வந்தது.

பின்னாலிருந்து மனைவி மெதுவாகப் போகச் சொன்னாள். மெதுவாகத்தான் போகிறேன் என்றேன். தூக்கிப் போடுகிறது என்றாள். மெத்தை புதுசு, போகப் போகப் பழகிவிடும் என்றேன். மூன்றாவது முறை அவள் கூப்பிட்டது கத்தலாக இருந்தது. என் இருக்கையில் நான் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எரிச்சல் வந்தது.

"சும்மா நடிக்காத," என்றேன். "இங்க ஒண்ணுமே ஆடல."

அதற்குப் பிறகு அவள் கூப்பிடவில்லை. அடங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். நாற்பது கிலோமீட்டர் கழித்து உள்ளே பார்க்கிற கண்ணாடியில் எதேச்சையாகப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. வண்டியை ஓரங்கட்டித் திரும்பிப் பார்த்தேன். நடுவில் சாப்பாட்டு மேசைக்கும் இருக்கைகளுக்கும் இடையே வெறுந்தரையில் படுத்திருந்தாள். மேசைக்காலைக் கட்டிப் பிடித்திருந்தாள். கண்ணீர் காதுக்குள் வழிந்துகொண்டிருந்தது, சத்தம் இல்லை.

"வீட்டுக்குத் திருப்புங்க," என்றாள். "என்னால முடியல. பிள்ளைகிட்ட நானே சொல்லிக்கிறேன்."

திருப்ப இடம் தேடிப் போனேன். ஒரு கல்குவாரியின் வாசல் அகலமாகத் தெரிந்தது, நுழைத்தேன். தரையோடு தரையாக இருந்த இரும்புத் தகட்டில் முன்சக்கரங்கள் ஏறியதும் நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டேன். மகளிடம் இதை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஓடியதே தவிர, எங்கே நிறுத்தியிருக்கிறேன் என்று நான் பார்க்கவில்லை. நிறுத்தியது லாரிகளின் எடைமேடையில்.

பக்கத்துக் கூண்டறையிலிருந்து தலையில் துண்டு கட்டிய ஒரு பெண், நாற்பத்தைந்து வயது இருக்கும், திட்டிக்கொண்டே வெளியே வந்தார். எடை போடுவது அவர் வேலை. பாதி வழியில் நின்று, திரும்பி உள்ளே போய் எடை காட்டும் திரையைப் பார்த்துவிட்டு மறுபடி வந்தார்.

"சார், சாமான் பூராவையும் வால்ல கட்டி வச்சிருக்கீங்களா? முன்னாடி ஆயிரத்து எண்பது கிலோதான் காட்டுது."

முன்சக்கரங்களைத் தாண்டவிட்டு, பின்சக்கரங்களை மட்டும் மேடையில் நிறுத்தச் சொன்னார். இரண்டாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. பிறகு வண்டியின் பக்கவாட்டில் காலடி வைத்து நடந்து அளந்தார். பாடி கட்டியவர் சொன்ன அதே பதினோரு அடி, அதே ஏழு அடி. சின்னப் பிள்ளைகள் இரண்டு பக்கமும் ஏறி உட்கார்ந்து ஆடுகிற பலகை மாதிரி இது, பின்சக்கரத்துக்கு அந்தப் பக்கம் கனம் ஏற ஏற முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், கோடியில் இருக்கிறவர்களுக்குத்தான் தூக்கி அடிக்கும் என்றார். நான் என் முப்பத்தோரு வருடத்தை எடுத்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கடைசி சீட்டுல எத்தனை தடவ உக்காந்து போயிருக்கீங்க?"

ஒரு தடவைகூட இல்லை. ஓட்டுகிறவன் எப்படிக் கடைசி சீட்டில் உட்காருவான்? அதைச் சொன்னபோதே அது எவ்வளவு மோசமான பதில் என்று எனக்குக் கேட்டது. அவர் கையை நீட்டிச் சாவியைக் கேட்டார். குவாரிக்குள் லாரிகளை முன்னே பின்னே எடுத்து நிறுத்துவதும் தான்தானாம். நீங்கள் கட்டிலில் படுங்கள், நான் ஒரு சுற்று ஓட்டுகிறேன் என்றார். நான் தயங்கினேன். என் மனைவி அதற்குள் மெல்ல இறங்கிக் கூண்டறைச் சுவரில் கை வைத்து நின்றிருந்தாள்.

"போய்ப் படுங்க," என்றாள்.

படுத்தேன். வெளிச்சாலையில் நான் ஓட்டிய வேகத்தில்தான் அந்த அம்மாவும் ஓட்டினார். முதல் மேட்டில் முதுகு மெத்தையை விட்டுக் கிளம்பியது. இறங்கும்போது மெத்தையும் கிளம்பி வந்து எதிரே மோதியது. அடியில் தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் ஓடி இடித்துவிட்டு மறுபக்கம் ஓடியது. ஒரு லாரி தாண்டியபோது கட்டிலோடு பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய், அலமாரி மூலையில் நெற்றி மோதியது. எனக்கு முதுகில் ஆபரேஷன் ஆகவில்லை. ஆனாலும் மூன்றாவது கிலோமீட்டரில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். என் மனைவி அறுபது கிலோமீட்டருக்கு மேல் இந்த வண்டியில் கிடந்திருக்கிறாள்.

திரும்பி வந்து இறங்கும்போது என் முகத்தில் ஈயாடவில்லை. அவள் கண்ணைப் பார்க்கவும் முடியவில்லை. இப்போதாவது புரிந்ததா என்று கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவள் என் நெற்றியைத்தான் பார்த்தாள்.

"ரொம்ப இடிச்சுக்கிட்டீங்களா?"

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

எடைமேடை அம்மா என்னை விட்டுவிட்டு அவளிடம் பேச ஆரம்பித்தார். வண்டிக்குள் எங்கே வலி குறைவாக இருந்தது என்று கேட்டார். தரையில், மேசைக்குப் பக்கத்தில், அங்கேதான் கொஞ்சம் தாங்க முடிந்தது என்றாள் அவள். அப்புறம் என்ன, நீங்களே கண்டுபிடித்துவிட்டீர்களே, அது இரண்டு சக்கரங்களுக்கும் நடு என்றார் அந்த அம்மா. சக்கரங்களுக்கு நடுவே இருக்கிற தூரத்தை இங்கே மாற்ற முடியாது, கனத்தை மாற்றலாம் என்றார்.

அவர் இரண்டு ஸ்பானர் கொண்டுவந்தார். எடைக்காக நின்ற லாரிக்காரர்கள் இரண்டு பேர், யாரும் கூப்பிடாமலே, உள்ளே ஏறினார்கள். மேசையையும் இருக்கைகளையும் கழற்றி அவருடைய சாமான் கொட்டகையில் போட்டோம். கட்டிலின் பலகைகளைப் பிரித்து, என் இருக்கைக்குப் பின்னால் நீளவாட்டில் தரையோடு பொருத்தினோம். பாட்டரியும் பிள்ளைக்கென்று கட்டி வைத்த பெட்டிகளும் முன்னால் வந்தன. தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு, குடிக்க நான்கு குடுவை மட்டும் வைத்துக்கொண்டோம். எது எங்கே என்று சொன்னது என் மனைவி, நின்றபடியே. அவள் தூக்கச் சொன்னதை நான் தூக்கினேன், வைக்கச் சொன்ன இடத்தில் வைத்தேன். மறுபடி மேடையில் ஏற்றினோம். முன்னால் ஆயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு. அந்த அம்மா கூண்டிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார். பரீட்சையில் தேறியவன்போல எனக்கு நெஞ்சு நிறைந்தது. வண்டி கட்டைதான், வால் நீளம்தான், அறுபதைத் தாண்டாதீர்கள், காற்றடித்தால் இன்னும் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பினார். பின்னால் நான்கு லாரி ஹாரன் அடித்துக்கொண்டிருந்ததால் ஒழுங்காக நன்றிகூடச் சொல்லவில்லை. அந்த முகத்தை நான் மறக்க மாட்டேன்.

அதன் பிறகு ஸ்டியரிங்கில் கனம் வந்தது. சாலை என் கைக்கு எட்டியது. அறுபதிலேயே போனேன், சைக்கிளைத் தவிர எல்லாம் என்னைத் தாண்டின, நான் யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு மணி நேரம் போயிருக்கும். பின்னால் ஒரு முனகல்கூட இல்லை. காலையில் அந்த மாதிரி அமைதியை நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்பது ஞாபகம் வந்தது. ஓரங்கட்டிப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு, ஒரு கையை நெற்றிமேல் போட்டு, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் பகலில் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. நான் அங்கேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன். அவள் கண் விழித்து, வண்டி ஏன் நிற்கிறது என்று அதட்டினாள்.

மூன்றாம் நாள் நண்பகலில் மகளின் தெருவில் நுழைந்தோம். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர், காலையிலேயே வலி வந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்றார். பன்னிரண்டு நாள் முன்னதாக. அன்று அந்தக் குவாரியிலிருந்து வீட்டுக்குத் திருப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் மகள் ஒரு சின்ன அறையில் தனியாகப் படுத்துக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மா தன் காலால் நடந்து உள்ளே வருவதைப் பார்த்ததும் கம்பியை விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அதுவரை அடக்கி வைத்ததெல்லாம் வெளியே வந்தது. வலிக்கிறது, தாங்க முடியவில்லை என்று சத்தம் போட்டாள். நர்ஸ் நல்ல பெண்தான், விடிந்ததிலிருந்து நின்றுகொண்டிருப்பவள். இப்போதே அவ்வளவெல்லாம் வலிக்காது, இன்னும் ரொம்ப நேரம் இருக்கிறது, பயத்தில் அப்படித் தோன்றும் என்று கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தபடியே சொன்னாள்.

"அவ வலிக்குதுன்னு சொன்னா வலிக்குதும்மா," என்றேன். "படுத்திருக்கிறது அவ. நானும் உங்கள மாதிரி என் இடத்துலேர்ந்துதான் என் பொண்டாட்டிகிட்ட சொன்னேன். நடிக்காதன்னு சொன்னேன். நான் சொன்னது தப்பு."

சொன்னது நர்ஸிடம். என் மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

நர்ஸ் காகிதத்தை வைத்துவிட்டு மகளைச் சோதித்துப் பார்த்தாள். பார்த்தவுடன் நடையே மாறிவிட்டது. டாக்டரைக் கூப்பிட்டுக்கொண்டு வேகமாக வெளியே போனாள். நான் எங்கே நிற்பது என்று தெரியாமல் வழியை அடைத்துக்கொண்டு நின்றேன். மனைவி ஒரு கை மகளிடம் இருக்க, மறு கையால் என் நெற்றியில் இன்னும் வற்றாத வீக்கத்தைத் தொட்டாள்.

"நீங்க போய் வெளிய உக்காருங்க," என்றாள். "நான் இருக்கேன்ல."