கோபுரம் அடங்கிய நாள்

காப்பியும் வாஃபிளும் தீர்வதற்குள் கூட்டத்தை முடித்துவிட எய்விந்த் அவசரப்பட்டான். மலைகளுக்கு நடுவே நீளும் ஃபியோர்டு என்ற கடல்கழியின் இக்கரையில் இருபத்தாறே வீடுகள். அவன்தான் ஊர்க்குழுத் தலைவன். பழைய தொலைபேசிக் கம்பிகளைக் கழற்றியாகிவிட்டது. இனி இணையத்துக்கு என்ன வழி என்பதுதான் பேச்சு.

"ஃபைபர் கேபிள் மலையைத் தாண்டி வர மூணு வருஷம் ஆகும். சாட்டிலைட்டுன்னா வீட்டுக்கு வீடு தட்டு மாட்டணும். மொபைல் கோபுரம் அடுத்த மாசமே ரெடி. வேகமும் ஜாஸ்தி. அப்புறம் என்ன யோசனை?" என்றான்.

மீன்பண்ணையில் வேலை பார்க்கும் ஹெர்டிஸ் கை தூக்கினாள். "கரண்ட் போச்சுன்னா கோபுரம் எத்தனை நேரம் தாங்கும்?"

"நாலு மணி நேரம். உனக்கு எப்பவும் உலகமே அழியப்போற மாதிரி ஒரு பயம், ஹெர்டிஸ்!"

மண்டபமே சிரித்தது. கோபுரமே முடிவானது. ஹெர்டிஸ் மட்டும் தன் வீட்டில் சாட்டிலைட் தட்டை மாட்டி, பக்கத்தில் ஒரு பெரிய பேட்டரியையும் வைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு நாள் அதிகாலை ஆறு மணிக்கே புயல் மின்கம்பங்களைச் சாய்த்தது. பத்து மணிக்குக் கோபுரமும் அடங்கியது. பதினொன்றுக்கு, தொழுவத்தில் அடுக்கியிருந்த வைக்கோல் உருளை சரிந்து எய்விந்தின் மனைவி யோருனின் காலை நசுக்கியது. டிராக்டரால் உருளையை அகற்றினான். கால் கிடந்த கோலத்தைப் பார்க்க முடியவில்லை. போனை எடுத்தான். சிக்னலே இல்லை. கூரைமேல் ஏறிப் பார்த்தான். அங்கேயும் இல்லை.

"கூப்பிட்டியா? வர்றாங்களா?" என்றாள் யோருன்.

காலை இறுக்கிக் கட்டினான். சரிந்த பனி பாதையை மூடியிருந்தது. சாட்டிலைட் இருக்கும் ஹெர்டிஸ் வீட்டுக்கு நடந்துதான் போக வேண்டும்.

"என்னைத் தனியா விட்டுட்டுப் போகாதடா..."

போனான். இடுப்பளவு பனியில் இரண்டு கிலோமீட்டர். முதுகுக்குப் பின்னால் அவள் குரல் தேய்ந்து, பிறகு கேட்காமலே போனது. ஹெர்டிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். உடனே சாட்டிலைட் வழியாக அவசர உதவிக்கு அழைத்தாள்.

மீட்புப் படகு வந்தது. யோருன் பிழைத்தாள். கால் பிழைக்கவில்லை. "ரெண்டு மணி நேரம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் மருத்துவர்.

ஏப்ரலில் ஊர் மறுபடி கூடியது. ஊன்றுகோலோடு யோருன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "இப்போ எதுங்க ரொம்ப வேகம்?" என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

எய்விந்த் எழுந்தான். "எது வேகம்னு அப்புறம் கேப்போம். எது எப்ப கைவிடும், அப்ப வேற வழி என்னன்னு முதல்ல கேளுங்க. அப்படிக் கேக்கறவங்களைப் பாத்துச் சிரிக்காதீங்க. சிரிச்சவன் நான். கால் போனது இவளுக்கு."