நான்காம் பாரம்

வெயிலுகந்தம்மாள் வீட்டு மாடியில் குடியிருக்கும் டிராகன், ஒரு பழைய காமிக்ஸ் புத்தகத்தின் நடுவிலேயே செத்துப்போனவர். செத்த பிறகும் அந்தப் புத்தகத்தில் அவருக்குப் பாதி வேலை பாக்கி இருந்தது. அதைக் குறை வைக்காமல் முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் சிவகாசிக்குக் குடிவந்தார்.

நடந்தது சின்ன விஷயம். பகலவன் அச்சகத்தில் அந்தப் புத்தகத்தை நான்கு பாரங்களாக அடித்திருந்தார்கள். பாரம் என்றால் ஒரே தாளில் பதினாறு பக்கம் அச்சாகி, மடித்து வருவது. பாரங்களை நீள மேசையில் அடுக்கடுக்காக வைத்துவிட்டு, பெண்கள் மேசையைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சேர்ப்பார்கள். அன்றைக்கு அடுக்கி வைத்தவள் வெயிலுகந்தம்மாள் என்கிற வெயிலம்மா. இளவயசு, கை ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். நான்காம் பாரம் இரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கியது புத்தகமெல்லாம் கடைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

அதனால் டிராகன் முதல் பாரத்தில் கடலிலிருந்து எழுந்தார். இரண்டாவதாக வந்த பாரத்தில் நீலக்கவசன் என்கிற வீரன் கையால் ஒரே குத்தில் செத்தார். ஊரே தொப்பியைத் தூக்கி "வாழ்க!" என்றது. அதற்கப்புறம் ஆற அமர நகரத்தைக் கொளுத்தினார், பாலத்தைப் பிடுங்கி நீலக்கவசன் மேல் போட்டார். கடைசியாகக் கடலுக்குள் இறங்கும்போது திரும்பிப் பார்த்து, "நான் திரும்பி வருவேன்! அப்போது உங்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டீர்கள்!" என்றார். புத்தகம் அங்கே முடிந்துவிட்டது. சொன்ன சொல் தவறாதவர், திரும்பி வந்தார். தன்னைச் சேர்த்துக் கட்டியவள் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போவார்?

ஆள் பெரிய ஆள்தான். ஊர் மைதானத்தில் நின்றால் தண்ணீர்த் தொட்டி அவர் முழங்காலுக்கு வரும். ஆனால் காமிக்ஸில் பிறந்தவர்கள் வரைந்த கட்டத்துக்குத் தக்கபடி இருந்து பழகியவர்கள். மாடி அறை சின்னக் கட்டம் என்பதால் அங்கே ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு இருந்துகொள்வார். மொட்டை மாடிக்கு வந்தால் மட்டும் வால் அடுத்த தெருவுக்குப் போகும். அந்தத் தெருக்காரர்கள் அதில் துணி காயப்போட்டுக்கொள்வார்கள்.

பேச்சுதான் அவருக்குக் கொஞ்சம் சிரமம். புத்தகத்தில் எழுதிக் கொடுத்த வசனங்கள் தவிர வேறு கிடையாது. இருப்பதை வைத்துக்கொண்டு குடும்பம் நடத்தினார். காலையில் எழுந்ததும் மாடிப்படியில் நின்று, "நான் விழித்துவிட்டேன்! இனி உங்களுக்கு அழிவு காலம்!" என்பார். வெயிலம்மா காப்பி போடுவாள். குழம்பு பிடித்திருந்தால், "அற்ப மானிடர்களே! என் பசிக்கு இந்த நகரம் போதாது!" என்று தட்டை நீட்டுவார். மின்சாரம் போய்ச் சட்டென்று வந்தால், சாகும்போது சொன்ன, "ஆ... ஒளி... என் கண்கள்..." என்பதைச் சொல்வார். வெளியே கிளம்பும்போது மட்டும் ஒருநாளும் தவறாமல், "நான் திரும்பி வருவேன்! அப்போது உங்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டீர்கள்!" என்று சொல்லிவிட்டுத்தான் படியிறங்குவார். "போறேன்" என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. டிராகன் அண்ணாச்சியைப் பார்த்துக் கத்துக்கோ என்று தெருவில் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள்.

வெயிலம்மாவை யாரும் அப்படிச் சொல்லவில்லை. அவளுக்குப் "பாரம் மாத்துனவ" என்று பெயர் விழுந்தது விழுந்ததுதான். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கட்டிக்கொண்டு வந்த புருஷனும் முதல் நாளே, "நீதானா அது?" என்றுதான் கேட்டான். அவன் போய்ச் சேர்ந்த பிறகும் பெயர் போகவில்லை. அதற்கப்புறம் எத்தனையோ பாடநூல், எத்தனையோ காலண்டர், ஒன்றில்கூட அவள் கை தவறியதில்லை. அதை யார் பேசுகிறார்கள்? அவளுக்கு அது வலித்தது. வலித்ததைச் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

இன்னொரு வலியும் உண்டு. டிராகனைப் போலவே புத்தகத்திலிருந்து சிவகாசிக்கு வந்துவிட்ட நீலக்கவசன், இன்னும் ஊர் மைதானத்தில் அந்தப் பாலத்துக்கு அடியிலேயே கிடந்தான். அவன் எழுந்திருப்பது நான்காம் பாரத்தின் முதல் பக்கத்தில். அந்தப் பக்கம் முன்னாடியே வந்து போய்விட்டதால், பாலம் விழுந்த பிறகு எழுந்திருக்க அவனுக்கு வழியில்லை. சனிக்கிழமைதோறும் வெயிலம்மா அவனுக்குச் சோறு கொடுத்தனுப்புவாள். தூக்குவாளியைக் கொண்டுபோய்க் கொடுப்பது டிராகன்தான். பாலத்தை ஒரு கையால் லேசாகத் தூக்கிப் பிடித்து, அவன் தின்று முடித்ததும் பழையபடி நோகாமல் வைத்துவிட்டு வருவார். அவனும், "இந்த நகரத்தில் ஒரு குழந்தைக்கும் ஆபத்து வர விடமாட்டேன்!" என்று நன்றி சொல்வான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அச்சகத்தின் சின்ன முதலாளி ஞானதுரை வீட்டுக்கு வந்தான்.

"அக்கா, அந்தப் பழைய காமிக்ஸைத் திரும்பப் போடப்போறேன். கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"போடுங்க தம்பி."

"இந்தத் தடவை நாலாம் பாரம் நாலாவதா வரணும். நீங்களே நின்னு சேத்துக் குடுங்க. ஒங்க பேரும் சரியாயிரும்."

டிராகன் அப்போது வாசலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நகம் நீளம் என்பதால் அந்த வேலை அவருக்கு நன்றாக வரும். ஞானதுரை அவரைப் பார்த்துத் தலையாட்டினான்.

"அண்ணாச்சிக்குத்தான் கொஞ்சம் கஷ்டம். கடைசிப் பாரத்துல செத்தா அதுக்கப்புறம் வேற பாரம் இல்லையே."

டிராகன் மிச்சப் பூண்டையும் உரித்து வைத்துவிட்டு மாடிக்குப் போனார்.

வெயிலம்மா கணக்குப் போட்டுப் பார்த்தாள். பாரம் ஒழுங்காகச் சேர்ந்தால் தன் பெயர் மீளும். நீலக்கவசன் எழுந்து நிற்பான். ஊருக்கு முடிவுள்ள ஒரு புத்தகம் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் நல்லது இவ்வளவு இருந்தது. இந்தப் பக்கத்தில் மாடியில் ஒரு டிராகன் இருந்தார், அவ்வளவுதான். நியாயம் எந்தப் பக்கம் என்று அவளுக்குத் தெரிந்தே இருந்தது. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

பாரம் சேர்க்கும் நாள் காலையில் அவர் சீக்கிரமே எழுந்துவிட்டார். அறையைக் கூட்டிப் பாயைச் சுருட்டி வைத்திருந்தார். வாலில் காய்ந்த துணிகளை உரியவர்களிடம் கொடுத்துவிட்டு வந்தார். காப்பியைக் குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். வாசலில் போய் நின்றவர் திரும்பிப் பார்த்தார். வெயிலம்மா அடுப்படியில் அவர் வழக்கமாகச் சொல்வதற்காகக் காத்திருந்தாள்.

"ஆ... ஒளி... என் கண்கள்..." என்றார் டிராகன்.

மின்சாரம் போகவும் இல்லை, வரவும் இல்லை. படியிறங்கிப் போய்விட்டார்.

வருவேன் என்று சொல்லாமல் ஒரு ஆள் வீட்டைவிட்டுப் போனது அவளுக்குத் தாங்கவில்லை. புருஷன் ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்குக்கூட ஆட்டோவில் இருந்தபடி, "வந்துருவேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். அடுப்பை அணைத்துவிட்டு அச்சகத்துக்கு நடந்தாள். வழி நெடுக முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே போனாள்.

நீள மேசையில் நான்கு அடுக்கும் தயாராக இருந்தன. ஞானதுரை பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எல்லாப் பெண்களும் எடுத்து வந்தார்கள். நான்காவது அடுக்கில் வெயிலம்மா நின்றுகொண்டாள். வந்த ஒவ்வொரு புத்தகத்திலும் நான்காம் பாரத்தை நான்காவதாகவே வைத்தாள். வைக்கும்போது கட்டைவிரலால் அதை ஒரு நூல் அளவு கீழே இறக்கி வைத்தாள்.

அவ்வளவுதான் செய்தாள். மடித்த பாரத்தின் பக்கங்கள் தலைப்பக்கத்தில், அதாவது மேல் விளிம்பில், ஒன்றோடொன்று ஒட்டித்தான் இருக்கும். புத்தகத்தைக் கட்டிய பிறகு கட்டிங் மெஷினில் வைத்து வெட்டினால்தான் பிரியும். மெஷினின் கத்தி மற்ற மூன்று பாரங்களின் தலையைச் சீவிவிட்டு, நான்காம் பாரத்தைத் தொடாமல் போய்விட்டது. டிராகன் சாகும் பக்கம் பிரியாமல் உள்ளேயே இருந்துவிட்டது. பாம்பும் சாகக்கூடாது, கம்பும் முறியக்கூடாது என்பதற்கு ஒரு நூல் போதுமாக இருந்தது.

சாயங்காலம் ஞானதுரை ஒரு புத்தகத்தைப் புரட்டினான்.

"அக்கா, நாலாம் பாரம் தலை வெட்டாம இருக்கு."

"ஆமா தம்பி."

"மொதப் பக்கத்துல நீலக்கவசன் எந்திரிக்கிறாரு. கடைசிப் பக்கத்துல எல்லாரும் வாழ்கன்னு சொல்றாங்க. நடுவுல ஒண்ணும் பிரியலையே."

"நடுவுல அவங்க ரெண்டு பேரு பாடு."

ஞானதுரை இன்னும் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தான். எழுந்திருக்கிறார், வாழ்க என்கிறார்கள். கதை முடிந்த மாதிரிதான் இருந்தது. "ஒங்க பேரு சரியாகாதே அக்கா" என்று மட்டும் சொன்னான். பிறகு மூட்டை கட்டச் சொல்லிவிட்டான்.

அவன் சொன்னபடியே ஆயிற்று. மறுநாளிலிருந்து ஊர் அவளைப் "பாரம் வெட்டாதவ" என்றது. பழைய பெயர் போய்ப் புதுப் பெயர் வந்தது. அதுவும் வலிக்கத்தான் செய்தது. ஆனால் பாரம் சேர்த்த அன்று சாயங்காலமே அவள் வீடு திரும்பி விளக்கைப் போட்டபோது மாடிப்படியிலிருந்து, "நான் விழித்துவிட்டேன்! இனி உங்களுக்கு அழிவு காலம்!" என்று சத்தம் கேட்டது. அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு காப்பி போட்டாள்.

நீலக்கவசனும் கூடவே வந்திருந்தான். கடைசிப் பக்கத்தில் கையை உயர்த்தி நிற்பவன் என்பதால் கையை இறக்க முடியவில்லை. நிலைப்படியில் குனிந்து வந்தான். அவன் பின்னால் அதே பக்கத்தில் இருந்த தொப்பிக்காரக் கூட்டமும் வந்து மாடிப்படி நெடுக உட்கார்ந்துகொண்டது. வெயிலம்மா உலையில் இன்னும் நாலு படி அரிசி போட்டாள்.

இப்போதெல்லாம் மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் டிராகனும் நீலக்கவசனும் வெயிலம்மா வீட்டில் கொண்டுவந்து வைத்திருக்கும் புத்தகத்தின் வெட்டாத பக்கங்களுக்குள் போய்ப் படுத்துக்கொள்கிறார்கள். உள்ளே வெளிச்சம் வராது, கொசுவும் இல்லை. நுழைவதற்கு முன்னால் டிராகன் திரும்பிப் பார்த்து, "நான் திரும்பி வருவேன்! அப்போது உங்களில் ஒருவரும் மிஞ்ச மாட்டீர்கள்!" என்கிறார்.

"போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்கிறாள் வெயிலம்மா.

நாலு மணிக்குக் கொண்டை ஊசியால் மடிப்பை லேசாகத் தூக்கி, காப்பி ஆறுகிறது என்று உள்ளே சொல்கிறாள். பிறகு பெரிய தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு மாடிப்படிக்கு வருகிறாள். தொப்பிக்காரர்களுக்கும் எழுதிக் கொடுத்தது ஒரே வார்த்தைதான். அவளைக் கண்டதும் எல்லாரும் எழுந்து தொப்பியைத் தூக்கி, "வாழ்க!" என்கிறார்கள்.

"மெதுவா, பக்கத்து வீட்டுல பிள்ளை தூங்குது" என்று சொல்லிவிட்டு, மேல்படியில் இருப்பவருக்கு முதல் டம்ளரைக் கொடுக்கிறாள்.