ஹரிஹரய்யர் கோப்பை

ஹரிஹரய்யர் கோப்பை ஒன்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தது. மாட்டுங்காவில், கிங்ஸ் சர்க்கிளுக்குப் பின்னால், இரண்டாம் மாடியில் வேங்கடசுப்ரமணியன் வீட்டுக் கண்ணாடி அலமாரியில். ஹரிஹரய்யர் அவருடைய அப்பா. மாட்டுங்காத் தமிழர்களுக்குச் சதுரங்கச் சங்கம் ஆரம்பித்தவர். அவர் காலமானதும் சங்கத்தார் அவர் பெயரைப் பொறித்து வெள்ளியில் ஒரு கோப்பை செய்தார்கள். வருஷா வருஷம் டிசம்பரில் போட்டி. ஜெயித்தது மகன். அப்பா பெயர் பொறித்த பொருள் மகன் வீட்டில் இருப்பதுதான் முறை என்று சங்கமும் நினைத்தது, அவரும் நினைத்தார்.

1946-ல் அது கைவிட்டுப் போயிற்று.

அந்த வருஷம் சங்கத்தின் காரியதரிசி பஞ்சு ஒரு மாற்றம் கொண்டுவந்தார். வெளியே பெரிய போட்டிகளில் எல்லாம் சர்வதேச விதிதான், நாமும் நம் பழைய விதியை விட்டுவிட்டு அதையே ஆடுவோம் என்றார். வேங்கடசுப்ரமணியன் மறுக்கவில்லை. கப்பல் கம்பெனி ஒன்றில் தலைமைக் குமாஸ்தா அவர். சுற்றறிக்கை வந்தால் படித்துக் கையெழுத்துப் போட்டே பழக்கம். புது விதியையும் அப்படியே படித்தார். தலைக்கு ஏறியது, கைக்கு இறங்கவில்லை. பாலக்காட்டில் பழகிய பழைய ஆட்டத்தில் ராஜா ஒரே ஒரு தடவை குதிரை மாதிரித் தாவலாம். இறுதி ஆட்டத்தில், நெருக்கடி முற்றியபோது, அவர் ராஜாவைத் தூக்கித் தாவ வைத்துவிட்டார்.

எதிரே இருந்தவர் காசிராஜன். பஞ்சு குனிந்து, அது செல்லாது, தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்றார். ராஜா போகக்கூடியது ஒரே கட்டம். அங்கே போய் நின்றதும் ஆட்டம் முடிந்தது. பின்னால் யாரோ, "மாமாவோட ராஜா இன்னும் பாலக்காட்டுலேயே இருக்கார் போலிருக்கு" என்றார்கள். கூடம் சிரித்தது.

காசிராஜன் தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்தார். திருநெல்வேலிச் சீமைக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கும். யுத்த காலத்தில் பூனாவில் பட்டாளத்து ஸ்டோரில் வேலை பார்த்தபோது வெள்ளைக்காரர்களிடம் ஆட்டம் பழகியவர். கோப்பை அவர் கடைக்குப் போயிற்று. சோப்புக் கட்டிகளுக்கும் தீப்பெட்டிகளுக்கும் நடுவே இருப்பதாகப் பஞ்சு பார்த்துவிட்டு வந்து சொன்னார். தினமும் துடைத்துத்தான் வைத்திருக்கிறான் என்றும் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது.

வேங்கடசுப்ரமணியன் யாரிடமும் முறையிடவில்லை. அடுத்த டிசம்பரில் கோப்பை திரும்பாவிட்டால் சங்கத்தில் தம் பெயரை எடுத்துவிடச் சொல்வது என்று தீர்மானித்துக்கொண்டார். மறு வாரம் கோட்டைப் பகுதியில் ஒரு நடைபாதைக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று வாங்கினார். பழைய ஐரோப்பிய ஆட்டக்காரர்களின் அறுபது ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலும் அச்சிட்டிருந்தது.

படிப்பது என்றால் அவருக்கு ஒரே வழிதான் தெரியும். சின்ன வயதில் வேதம் படித்த வழி. வாத்தியார் ஒரு தடவை சொன்னால் பிள்ளைகள் இரண்டு தடவை திருப்பிச் சொல்வார்கள். அதற்குச் சந்தை என்று பெயர். அர்த்தம் பிறகு வரும், வராமலும் போகும். ஸ்வரம் பிசகக் கூடாது. விடியலில் குளித்து, பலகைக்கு முன் உட்கார்ந்து, வெள்ளை கறுப்பு இரண்டு பக்க நகர்த்தல்களையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி ஏற்றினார். ரயிலில் உதடு அசைந்துகொண்டே இருக்கும். அருகில் இருப்பவர்கள் ஜபம் என்று நினைத்து இடம் விட்டு உட்கார்ந்தார்கள். ஜூன் மாதத்துக்குள் இருபத்திரண்டு ஆட்டங்கள். கடைசியிலிருந்து முதலுக்கும் சொல்வார்.

மழை தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சு ஆட வந்தார். நான்காவது நகர்த்தலிலேயே பஞ்சு, தெரிந்தோ தெரியாமலோ, புத்தகத்தில் இல்லாத ஒன்றை ஆடினார். மட்டமான நகர்த்தல்தான். வேங்கடசுப்ரமணியன் கை நின்றுவிட்டது. இருபத்திரண்டு ஆட்டங்களிலும் தேடினார். எதிலும் இல்லை. ஒரு மணி நேரத்தில் தோற்றார்.

"ஓய், உம்ம சந்தையெல்லாம் பேஷ்தான்" என்றார் பஞ்சு, காய்களை டப்பாவில் போட்டபடி. "நான் தப்பாப் பதில் சொன்னா உமக்கு வாய் அடைச்சுப் போறதே. புஸ்தகத்துல அவன் மந்திரியை அங்கே எதுக்கு வச்சான்னு ஒரு நாள் கேட்டுப் பார்த்தீரா?"

அவர் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பஞ்சு போன பிறகு முதல் ஆட்டத்தை எடுத்தார். மூன்றாவது நகர்த்தலில் மந்திரி ஏன் அங்கே போகிறது என்று தம்மையே கேட்டார். தெரியவில்லை. ஆறு மாத உழைப்பு முழுவதும் வெறும் ஒலியாகப் போயிருந்தது. ஐம்பத்து நான்கு வயதில் அதை ஒப்புக்கொள்வது சுலபமில்லை. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

மறுநாளிலிருந்து வேறு முறை. மனப்பாடம் ஆகாத ஆட்டங்களாகப் பார்த்து எடுத்தார். ஒரு காகிதத் துண்டால் பக்கத்தை மூடிக்கொள்வார். தாமாக யோசித்து ஒரு நகர்த்தலையும் அதற்குக் காரணத்தையும் நோட்டில் எழுதுவார். பிறகு காகிதத்தை ஒரு வரி கீழே இழுத்து, ஜெயித்த ஆசாமி என்ன ஆடினான் என்று பார்ப்பார். பெரும்பாலும் தாம் எழுதியது தப்பாக இருக்கும். ஏன் தப்பு என்று தெரியாமல் அடுத்த வரிக்கு நகரமாட்டார். பிறகு பலகையைத் திருப்பி, தோற்றவன் பக்கம் உட்கார்ந்து மறுபடி முதலிலிருந்து. ஒரு ஆட்டத்துக்குப் பதினைந்து நாள், இருபது நாள் ஆயிற்று. ஆகஸ்டில் சுதந்திரம் வந்தது. டிராமின் கூரைமேல் ஏறி ஜனங்கள் ஊர்வலம் போனார்கள். அவர் ஆபீஸில் கொடியேற்றத்துக்கு நின்றுவிட்டு வந்து, விட்ட வரியில் உட்கார்ந்தார். டிசம்பர் பிறப்பதற்குள் எட்டே ஆட்டங்கள்தான் முடிந்தன. ஆனால் எட்டிலும் எந்தக் காய் எதற்குப் போகிறது என்று கேட்டால் சொல்லியிருப்பார்.

இறுதி ஆட்டம் சனிக்கிழமை. எதிரே அதே காசிராஜன், கறுப்புக் காய்களோடு. ஐந்து மணி நேரம் நடந்தது. நடுவில் காசிராஜன் நெருக்கிக்கொண்டு வந்தார். பிறகு என்னவோ யோசித்து யானையைப் பின்னுக்கு இழுத்தார். அந்த இடைவெளியில் வேங்கடசுப்ரமணியனின் ஓரத்துக் காலாள் கிளம்பி, கட்டம் கட்டமாக ஏறியது. நாற்பத்தாறாவது நகர்த்தலில் காசிராஜன் ராஜாவைச் சாய்த்து வைத்துவிட்டு எழுந்து கும்பிட்டார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கோப்பை வீட்டுக்கு வந்தது.

ஞாயிறு காலை, பழக்கப்படி, அவர் நேற்றைய நகர்த்தல்களைக் குறித்த ஆட்டக் காகிதத்தை ஒரு காகிதத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்தார். முதலில் தம் பக்கம். பிறகு பலகையைத் திருப்பிக் காசிராஜன் பக்கம். முப்பத்தோராவது வரியில் யானைக்குப் பதிலாக, குதிரையைப் பலிகொடுப்பது என்று நோட்டில் எழுதினார். எழுதிய பிறகுதான் அதன் முழு விளைவும் பிடிபட்டது. குதிரையைக் காலாள் வெட்டியே ஆகவேண்டும். வெட்டினால் வழி திறக்கும். யானை உள்ளே நுழைந்தால் தம் ராஜாவுக்குப் போக்கிடம் இல்லை. மூன்றே நகர்த்தல். நான்கு விதமாக வைத்துப் பார்த்தார். தப்பவே முடியாது. நேற்று அந்த இடத்தில் அவர் தோற்றுப்போயிருந்தார். இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவர் மனைவி ராஜலக்ஷ்மி காப்பியை வைத்துவிட்டு முகத்தைப் பார்த்தாள். விஷயத்தைச் சொன்னார்.

"கோப்பை ஆத்துக்கு வந்தாச்சு. இனி அதைத் தோண்டுவானேன்?" என்றாள். "யாருக்குத் தெரியப் போறது?"

"எனக்குத் தெரிஞ்சுடுத்தே."

கோப்பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். இல்லை, கையெழுத்தான முடிவு முடிவுதான். திருப்பிக் கொடுத்தால் அது தானம். ஆடி ஜெயிக்கிறவனுக்குத் தானம் கொடுப்பது அவமானம். ஆனால் ஹரிஹரய்யர் பெயரை அலமாரியில் வைத்துக்கொண்டு, எதிராளிக்குச் சேரவேண்டிய ஒன்றைத் தம் நோட்டில் பூட்டி வைக்கவும் முடியாது. கோட்டு மாட்டிக்கொண்டு, பலகையையும் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு, ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்கு நடந்தார். இருபத்தெட்டு வருஷ பம்பாய் வாசத்தில் அந்தப் பக்கம் அவர் போனதில்லை.

காசிராஜன் ஒரு பெண்ணுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் தராசை வைத்துவிட்டு இறங்கி வந்தார். "வாங்கய்யா. நேத்து எதையாவது விட்டுட்டுப் போயிட்டீயளா?"

"நீங்கதான் ஒண்ணை விட்டுட்டேள். முப்பத்தொண்ணாவது மூவ். பாருங்கோ" என்று அரிசி மூட்டைமேல் பலகையை விரித்துக் காய்களை அடுக்கினார்.

காசிராஜன் நின்றபடியே பார்த்தார். வந்த ஆட்கள் காத்திருந்தார்கள். வெகுநேரம் கழித்து அவர் விரல் மெல்லப் போய்க் குதிரையின் தலையைத் தொட்டது. தொட்டதும் நிமிர்ந்தார்.

"அப்ப ஜெயிச்சிருக்க வேண்டியது நானா?"

"நீங்கதான்."

காசிராஜன் தாடையைத் தடவிக்கொண்டார். கோபமா வருத்தமா என்று தெரியவில்லை. "பஞ்சு ஐயாட்ட இதைச் சொல்லுவேன். சங்கத்துல எல்லாருக்கும் தெரிஞ்சு போவும். பேசுவானுவ. பரவால்லியா?"

வேங்கடசுப்ரமணியன் இதற்குத்தான் பயந்திருந்தார். கூடம் சிரித்த சத்தம் ஒரு கணம் காதில் கேட்டது.

"நீங்க சொல்ல வேண்டாம்" என்றார். காசிராஜன் முகம் மாறியது. வேங்கடசுப்ரமணியன் தம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஆட்டக் காகிதத்தில் முப்பத்தோராவது வரிக்கு எதிரே, 'இங்கே கறுப்புக்கு வெற்றி இருந்தது. குதிரை' என்று எழுதி, கீழே அப்பா பெயரும் சேர்த்து முழுக் கையெழுத்துப் போட்டார். "சாயங்காலம் நானே கொண்டுபோய்ச் சங்கப் பலகையில ஒட்டறேன். நீங்களும் வரணும்."

"வாரேன்" என்றார் காசிராஜன். மூட்டைமேல் இருந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து வேட்டி நுனியில் துடைத்து டப்பாவில் வைத்தார்.